‘ஃபினிஷிங் இல்லை’: விஸ்காம் மதிப்பெண்ணுக்குள் ஒளிந்திருக்கும் சாதி

கல்வியில் சாதி என்று பேசத் தொடங்கினால் நம் பேச்சு உடனே நுழைவாயிலுக்குப் போய்விடுகிறது. நீட், இடஒதுக்கீடு, கட்-ஆஃப், நிரப்பப்படாத பணியிடங்கள். இவை எல்லாம் பேசப்பட வேண்டியவைதான். ஆனால் வாயிலைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட முதல் தலைமுறை மாணவருக்கு அதன் பிறகு என்ன நடக்கிறது என்பதை நாம் குறைவாகவே பேசுகிறோம். எழுத்துத் தேர்வில் பெயருக்குப் பதில் பதிவெண் இருக்கும், திருத்துபவர் கையில் விடைக்குறிப்பு இருக்கும். செய்முறைத் தேர்விலும் வைவாவிலும் புராஜெக்ட் மதிப்பீட்டிலும் மாணவர் நேரில் வந்து நிற்கிறார். அவருடைய பெயர், நிறம், உடை, ஊர், ஆங்கிலம், அப்பாவின் தொழில் எல்லாம் அவரோடு சேர்ந்து வந்து நிற்கின்றன.

இதை நான் விஸ்காம் என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் காட்சித் தொடர்பியல் துறையை வைத்துப் பேசுகிறேன். என் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத். முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டே, தென்மாவட்டக் கல்லூரிகள் சிலவற்றில் இறுதியாண்டு புராஜெக்டுகளை மதிப்பிடும் ஜூரியில் உட்கார்ந்து வருகிறேன். போஸ்டர், லோகோ, பேக்கேஜிங், குறும்படம், புகைப்படத் தொகுப்பு, தகவல் படம் எனப் பலவகை வேலைகள் வரும். இந்த அறைகளில் நான் மிக அதிகமாகக் கேட்ட வார்த்தைகள் மூன்று: ஃபினிஷிங், கிளீன், டேஸ்ட். “ஃபினிஷிங் இல்லை”, “கிளீனா இல்லை”, “பையனுக்கு டேஸ்ட் இருக்கு”. மூன்றுக்கும் மதிப்பெண் உண்டு. மூன்றுக்கும் எழுதப்பட்ட வரையறை எந்த அறையிலும் இருந்ததில்லை.

ஃபினிஷிங் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வீட்டில் நல்ல கணினி, மாதாமாதம் கட்டணம் கட்டி வாங்கிய மென்பொருள், அக்காவோ அண்ணனோ சென்னையில் விளம்பர நிறுவனத்தில் வேலை, தடித்த மேட் தாளில் பிரிண்ட் எடுத்து ஃபோம் போர்டில் ஒட்டப் பணம். இணையத்தில் விலைக்குக் கிடைக்கும் மாக்கப் கோப்பில் லோகோவை ஒட்டினால் போதும், அது நேற்றுத்தான் கடைக்கு வந்த பொருள் மாதிரித் தெரியும். கல்லூரி ஆய்வகத்தில் 4 மணிக்குக் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். அதற்குள் வேலையை முடித்து, பஸ் ஏறி ஊருக்குப் போக வேண்டிய மாணவரின் வேலையில் ஓரம் சரியாக வெட்டப்படாமல் இருக்கும். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ‘ஃபினிஷிங்’ என்று மதிப்பெண் போட்டால், நாம் அளப்பது எதை?

ஒரு கல்லூரியில் நடந்ததைச் சொல்கிறேன். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் பெண் ஒருவரின் மகள் இறுதியாண்டு படிக்கிறாள். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. அந்த மாதங்களுக்காகத் தமிழ்நாடு அரசு அறிவித்த 5,000 ரூபாய் நிவாரணத்தை எப்படிப் பெறுவது என்று விளக்கும் மடக்கு அட்டைதான் அவள் செய்த புராஜெக்ட். நலவாரியப் பதிவு, தேவையான ஆவணம், போக வேண்டிய அலுவலகம் எல்லாவற்றையும் படமாக வரைந்திருந்தாள். முதலில் வெள்ளைத் தாளில் அச்சிட்டு உப்பளத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். நாளெல்லாம் உப்பின் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுப்போனவர்கள் அவர்கள். தாள் கூசுகிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு மங்கலான மண் நிறத்துக்கு மாற்றியிருக்கிறாள். எழுத்தைப் பெரிதாக்கி, படங்களை நெருக்கமாக வைத்து, இரவிக்கைக்குள் மடித்து வைக்கும் அளவுக்கு அட்டையைச் சுருக்கியிருக்கிறாள். நான்கு முறை மாற்றியதற்கும் நோட்டில் குறிப்பு இருந்தது.

ஜூரியில் இருந்த மூத்தவர் கேட்டார்: “என்னம்மா இது, இவ்வளவு டல்லா? ஒயிட் ஸ்பேஸே இல்லையே?”

“சார், வெள்ளையா இருந்தா அவங்களுக்குக் கண்ணு கூசுதாம் சார்.”

“அது சரி, டிசைன்னா ஒரு பிரீத்திங் ஸ்பேஸ் வேணும்ல?”

60க்கு 31. அடுத்து வந்தது கற்பனையான ஒரு வாசனைத் திரவிய நிறுவனத்துக்கான பிராண்டிங். வெள்ளைப் பின்னணி, மெல்லிய ஆங்கில எழுத்து, விலைக்கு வாங்கிய மாக்கப். அதற்கு 54. அந்த வாசனைத் திரவியத்தை யார் வாங்குவார்கள், யாரிடம் காட்டிப் பார்த்தாய் என்று ஒரு கேள்விகூட அந்த மாணவரிடம் கேட்கப்படவில்லை. நான் விவாதித்தேன். உப்பள அட்டையில் இருக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் இருக்கிறது, இதில் எதற்கும் இல்லை என்றேன். பத்து நிமிட வாக்குவாதத்துக்குப் பிறகு மூத்தவர் பேனாவை எடுத்தார். “சரி மேடம், பாவம் உப்பளத்துப் பிள்ளை, அஞ்சு மார்க் சேர்த்துப்போம்.”

31ஐவிட அந்த 5தான் என்னைக் கொதிக்க வைத்தது. அவளுடைய வேலைக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பெண்ணை அவளுடைய பிறப்புக்கான பிச்சையாக மாற்றிவிட்டது அது. மதிய இடைவேளையில் வராந்தாவில் என்னை நிறுத்தி அவள் கேட்டாள்: “எதுல குறைஞ்சது மேம்?” அதற்குப் பதில் சொல்லும் ஒரு வரிகூட அந்த மதிப்பெண் பட்டியலில் இல்லை. எண் மட்டும்தான் இருந்தது.

இதைத் தனிமனிதரின் கெட்ட மனசு என்று சுருக்கிவிட முடியாது. வடிவமைப்பு என்ற பாடம் இந்தியாவில் எப்படி உருவானது என்பதிலேயே இதற்கு வேர் இருக்கிறது. அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இருவரும் 1958இல் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதன் தொடர்ச்சியாகத்தான் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. அந்த அறிக்கை இந்திய வடிவமைப்பின் உச்சமாகப் பாராட்டியது லோட்டாவை, அதாவது நம்மூர்ச் செம்பை. எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், தலையில் வைப்பதா இடுப்பில் வைப்பதா, கைக்கு எப்படி அடங்கும், மோதினால் என்ன ஓசை வரும் என்று அருமையான கேள்விகளை அது அடுக்குகிறது. அந்தச் செம்பை யார் தொடலாம், யார் தொட்டால் தீட்டு என்ற கேள்வி மட்டும் பட்டியலில் இல்லை. மகாத் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடிப்பதற்காக அம்பேத்கர் 1927இல் போராட வேண்டியிருந்த நாடு இது. அதற்கு 31 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட அறிக்கை அது.

நம் டீக்கடைகளின் இரட்டைக் குவளையும் ஒரு வடிவமைப்புத்தான். ஒருவருக்குக் கண்ணாடி, இன்னொருவருக்குத் தேங்காய்ச் சிரட்டை அல்லது பிளாஸ்டிக் கப். பார்த்த மாத்திரத்தில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. காட்சித் தொடர்பு என்றால் இதுவும்தான். இதை எத்தனை விஸ்காம் வகுப்பறைகளில் பாடமாக நடத்துகிறோம்?

தென்மாவட்டத்தில் நிறத்துக்கே சாதி உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறத்தைப் பார்த்தே சாதியைச் சொல்லிவிடுவார்கள். பக்கத்து மாவட்டத்து நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் தலித் மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டுவதையும் சாதி அடையாளமுள்ள மோதிரம், நெற்றிப் பொட்டு அணிவதையும் தடை செய்யப் பரிந்துரைத்தது. ஆனால் நம் விஸ்காம் வகுப்பில் நிறக் கோட்பாடு என்றால் சிவப்பு கோபம், நீலம் அமைதி என்று பாடநூலில் இருப்பதைத்தான் ஒப்பிக்கிறோம். இரண்டு நிறங்களைச் சேர்த்து ஒரு மாணவர் போஸ்டர் செய்தால், இந்த வட்டாரத்தில் அது எந்தச் சங்கத்தின் கொடி என்று தெரியாமலே “கலர் காம்பினேஷன் சூப்பர்” என்று மதிப்பெண் போடும் தேர்வாளர் நடுநிலையானவர் இல்லை. அவருக்கு அந்த ஊரின் எழுத்தே தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

இன்னொரு உதாரணம். அம்பேத்கர் சிலை. நீலக் கோட்டு, சிவப்பு டை, கையில் அரசமைப்புச் சட்டம், முன்னோக்கி நீட்டிய விரல். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அரை நொடியில் புரியும். இந்தியா முழுவதும் மொழி தாண்டிச் சென்று சேர்ந்த காட்சி அது. படித்தவன், கோட்டுப் போட்டவன், சட்டம் எழுதியவன், வழி காட்டுபவன் என்று நான்கு செய்திகள் ஒரே உருவில் இருக்கின்றன. தெருவோரச் சிலைக்கூடங்களில், ஊர்க்காசு பிரித்துக் கொடுத்த மக்களின் விருப்பப்படி அது வார்க்கப்பட்டுப் பரவியது. வடிவமைப்புக் கல்லூரிகள் அதைப் பரப்பவில்லை. இதை ஒரு மாணவர் புராஜெக்டாகக் கொண்டுவந்திருந்தால் நம் ஜூரி என்ன சொல்லியிருக்கும்? “நிறம் கத்துகிறது, நுட்பம் போதாது, நேரடியாக இருக்கிறது.” ஆனால் சாதி வெறியர்களுக்கு அந்தச் சிலையின் மொழி நன்றாகவே புரிகிறது. அதனால்தான் அதை உடைக்கிறார்கள். அதனால்தான் தமிழ்நாட்டின் பல ஊர்களில் அது இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறது.

அப்படியானால் எதை வைத்து மதிப்பிடுவது? இங்கே என் ஊரின் பழைய கதை ஒன்று உதவுகிறது. தாது வருஷப் பஞ்சம் முடிகிற நேரத்தில், 1878இல், நாசரேத்தில் மிஷனரி ஆர்தர் மர்காஷிஸ் ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். பஞ்சத்தில் அநாதையான பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுப்பது நோக்கம். இந்தப் பள்ளிகளை நான் புனிதப்படுத்தவில்லை. ஏழைப் பிள்ளைக்குக் கைத்தொழில், வசதியான பிள்ளைக்குக் கலை என்ற பிரிவினையைக் காலனியக் கல்வி கலைக்கவில்லை. சாதி என்பது உழைப்பைப் பிரிப்பதோடு நிற்காமல் உழைப்பவர்களையே பிரித்து மேலும் கீழுமாக அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் விளக்கினாரே, அந்த அடுக்கில் இந்தக் கல்வியும் பொருந்திக்கொண்டது. ஆனால் ஒரு தச்சுப் பட்டறையின் மதிப்பீட்டில் ஒரு நேர்மை உண்டு. மாணவர் செய்த கதவு நிலையில் பொருந்தி மூடுகிறதா? நாற்காலி ஆடாமல் நிற்கிறதா? பொருளையே கேட்டுவிடலாம். செய்தவர் யார் வீட்டுப் பிள்ளை என்று கதவுக்குத் தெரியாது.

வடிவமைப்பிலும் அந்தக் கேள்வி உண்டு. யாருக்காகச் செய்தாயோ அவருக்குப் போய்ச் சேர்ந்ததா? எப்படித் தெரியும்? சேராதபோது என்ன மாற்றினாய்? இந்த மூன்றையும் கேட்டிருந்தால் உப்பள அட்டைக்கும் வாசனைத் திரவியத்துக்கும் மதிப்பெண் தலைகீழாக மாறியிருக்கும். யாருடைய இரக்கமும் தேவைப்பட்டிருக்காது.

“நல்ல ஆசிரியர்கள் இருந்தால் போதும், நம்மவர்கள் ஜூரியில் இருந்தால் போதும்” என்று சில தோழர்கள் சொல்வார்கள். பிரதிநிதித்துவம் கட்டாயம் வேண்டும். அது மட்டும் போதாது என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. ரேமா ஹன்னா, லீ லிண்டன் என்ற இரு பொருளியலாளர்கள் இந்தியாவில் நடத்திய பரிசோதனை 2012இல் வெளியானது. குழந்தைகளின் விடைத்தாள் முகப்பில் சாதி, வயது, பாலினம் ஆகியவற்றைக் குலுக்கல் முறையில் எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதி என்று எழுதப்பட்ட தாள்களுக்குச் சராசரியாக மதிப்பெண் குறைந்தது. வித்தியாசம் பெரிதில்லை, ஆனால் இருந்தது. இரண்டு விஷயங்களை நாம் கவனிக்க வேண்டும். ஒன்று, அந்தப் பாகுபாடு ஒடுக்கப்பட்ட சாதி ஆசிரியர்கள் திருத்திய தாள்களில்தான் தெளிவாகத் தெரிந்தது. சாதி நம் தலைக்குள்ளும் வேலை செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். இரண்டு, தொடக்கத்தில் திருத்தப்பட்ட தாள்களில்தான் அது அதிகம். அளவுகோல் மனதில் பிடிபடுவதற்கு முன், அந்த வெற்றிடத்தைச் சாதி நிரப்பியிருக்கிறது.

நேருக்கு நேர் நடக்கும் தேர்வில் என்ன ஆகும் என்பதை 2007இல் தோரட் குழு காட்டியது. டெல்லி எய்ம்ஸில் படித்த தலித், பழங்குடி மாணவர்கள் செய்முறைத் தேர்விலும் வைவாவிலும் தங்கள் சாதி துருவிக் கேட்கப்படுவதாகவும் மதிப்பெண்ணில் பாகுபாடு இருப்பதாகவும் அந்தக் குழுவிடம் சொன்னார்கள். உடற்கூற்றியலுக்கு விடைக்குறிப்பு உண்டு. அங்கேயே இந்த நிலை என்றால், ‘டேஸ்ட்’ என்ற ஒற்றை வார்த்தை ஆளும் துறையில் என்ன நடக்கும்?

இதற்கு எதிராக இரண்டு வாதங்கள் வரும். முதலாவது, “வேலை கொடுக்கும் நிறுவனம் ஃபினிஷிங்கைத்தானே பார்க்கும்?” பார்க்கும். அப்படியென்றால் அதைக் கல்லூரி கற்றுக்கொடுக்க வேண்டும். ஆய்வகத்தை இரவு 8 மணி வரை திறந்து வையுங்கள். இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப், கிம்ப், பிளெண்டர் போன்ற மென்பொருள்களை ஒழுங்காக நடத்துங்கள். வெட்டவும் ஒட்டவும் அச்சிடவும் சொல்லிக்கொடுங்கள். கற்றுக்கொடுத்ததற்குத் தேர்வு வையுங்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்ததற்குத் தேர்வு வைப்பது கல்வி அல்ல, பரம்பரைச் சொத்துக் கணக்கு.

இரண்டாவது, “அப்படியானால் சாதி எதிர்ப்பு என்று தலைப்பு வைத்தாலே மதிப்பெண் கொடுத்துவிட வேண்டுமா?” வேண்டாம். அம்பேத்கர் படம், உயர்த்திய முஷ்டி, கீழே ‘கற்பி’ என்று ஒரு வார்த்தை. யாரிடம் என்ன சொல்கிறோம் என்று யோசிக்காமல் இப்படி ஒட்டிக்கொண்டு வரும் போஸ்டருக்கும் குறைந்த மதிப்பெண்தான். அதைத் தோழமையோடு, காரணத்தோடு சொல்ல வேண்டும். கடுமையான விமர்சனத்தை வசதியான மாணவருக்கு மட்டும் கொடுத்துவிட்டு, சேரியிலிருந்து வந்த மாணவரைத் தட்டிக்கொடுத்து அனுப்புவது அவரைச் சமமாக நடத்துவதாகாது. அவருடைய வேலையைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்கு இன்னொரு பெயர் அது. அதேபோல, பளபளவென்று ஆண்ட சாதிப் பெருமை பேசும் போஸ்டரைத் ‘தொழில்நுட்பம் நன்று’ என்று பாராட்டி அனுப்புவதையும் ஏற்க முடியாது. இது யாரை மிரட்டுகிறது, இந்தத் தெருவில் ஒட்டினால் அடுத்த தெருவில் என்ன ஆகும் என்று கேட்க வேண்டும். விளைவைப் பற்றி யோசிக்கத் தெரியாதவர் தொடர்பியல் படித்தவர் ஆகமாட்டார்.

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம்.

மதிப்பீட்டு அளவுகோலைப் பருவத்தின் தொடக்கத்திலேயே தமிழில் அச்சிட்டு மாணவர் கையில் கொடுக்க வேண்டும். 60 மதிப்பெண் என்றால், யாருக்கு எதற்கு என்ற தெளிவுக்கு 15, களத்தில் காட்டிப் பார்த்து மாற்றிய செயல்முறைக்கு 25, இறுதி வடிவம் வேலை செய்கிறதா என்பதற்கு 15, ஃபினிஷிங்குக்கு 5 என்று பிரித்து எழுதுங்கள். இது என் கணக்கு. வேறு கணக்கும் இருக்கலாம். எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

எல்லா மாணவரும் ஒரே வகைத் தாளில், ஒரே அளவில், கல்லூரிச் செலவில் அச்சிட்டுக் காட்ட வேண்டும். முதல் சுற்றில் வேலைகள் பெயரில்லாமல், எண்ணோடு மட்டும் சுவரில் இருக்கட்டும். மாணவர் பேசுவது அதன் பிறகு, அவர் விரும்பும் மொழியில் நடக்கட்டும். ஜூரி எல்லா வேலைகளையும் ஒருமுறை பார்த்து முடித்த பிறகே முதல் மதிப்பெண்ணைப் போட வேண்டும். தேர்வாளர்கள் தனித்தனியாக மதிப்பெண் எழுதிய பிறகே ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும். மூத்தவர் வாய் திறந்ததும் மற்றவர்கள் பேனா அவர் பக்கம் சாய்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வேலை யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர்களில் ஒருவரை அந்த அறைக்குள் அழைத்து உட்கார வையுங்கள். உப்பளத் தொழிலாளிக்கான அட்டை புரிகிறதா என்று சொல்லும் தகுதி அவருக்கு இருக்கிற அளவுக்கு எங்களுக்கு இல்லை. கடைசியாக, ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் இரண்டு வரி காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மாணவர் அதைப் பார்க்கவும் மேல்முறையீடு செய்யவும் உரிமை வேண்டும்.

இவற்றில் தாளுக்கும் அச்சுக்கும் மட்டும்தான் கொஞ்சம் காசு ஆகும். மற்றவற்றுக்குப் புதிய சட்டமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. துறைத்தலைவர் ஒருவர் நினைத்தால் அடுத்த பருவத்திலேயே தொடங்கலாம். அவர் நினைக்காவிட்டால் மாணவர்கள் கேட்க வேண்டும். புராஜெக்ட் தலைப்பைப் பதிவு செய்யும் நாளிலேயே, வைவா வரை காத்திருக்காமல், அளவுகோலைக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் திமிர் என்பார்கள், வகுப்பாகச் சேர்ந்து எழுதிக் கேளுங்கள்.

முத்துக்குளித்துறையின் பரதவர்கள் கொடுத்த பணத்தின் உதவியால்தான் 16ஆம் நூற்றாண்டில் தமிழ் எழுத்து அச்சேறியது. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அந்த முயற்சியில் வந்தது. கடலில் மூழ்கிச் சம்பாதித்தவர்களின் காசு அது. இந்தக் கரையின் பிள்ளைகள் தமிழ் எழுத்தில், தங்கள் அம்மாக்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு தாளை வடிவமைத்துக் கொண்டுவந்தால், ‘லோக்கலா இருக்கு’ என்று ஒதுக்கும் உரிமை எந்த ஜூரிக்கும் கிடையாது. குறை இருந்தால் சொல்லட்டும். எது குறை என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சொல்லட்டும்.